சிட்னிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: போக்கி இயந்திரமும் பந்தயச் செயலியும்

சிட்னியின் மேற்குப் புறநகர்களான வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பகுதிகளில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகை வீடு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் பற்றியெல்லாம் எடுத்துச் சொல்ல யாராவது கிடைத்துவிடுகிறார்கள். சூதாட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை. 2003 முதல் லாட்டரிச் சீட்டுக்கே தடை உள்ள தமிழ்நாட்டிலிருந்து வருபவர், சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டு, குடும்பத்தோடு சாப்பிடப் போகும் இடத்திலேயே நடக்கும் ஒரு நாட்டில் வந்து இறங்குகிறார். ஆள் ஒன்றுக்குச் சூதாட்டத்தில் இழக்கும் பணத்தில் ஆஸ்திரேலியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. அதில் பெரும்பங்கை விழுங்குவது, பணம் போட்டுப் பொத்தானை அழுத்தி ஆடும் சூதாட்டப் பெட்டிகளான போக்கி இயந்திரங்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி, சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கின்றன.

இங்குள்ள கிளப்புகளுக்கு நீங்கள் போகத்தான் போகிறீர்கள். சாப்பாடு மலிவு, வண்டி நிறுத்த இடம் உண்டு, பிள்ளைகள் விளையாட இடம் இருக்கும், பிறந்தநாள் விழாவுக்கு அறையும் கிடைக்கும். வாசலில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொண்டு உள்ளே போனால், உணவுக்கூடத்துக்கு அப்பால் ஒரு தடுப்புக்குப் பின்னே இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். போவதில் தவறில்லை. ஆனால் வந்த முதல் வருடத்தில், இரவு வேலை முடிந்து வெளியே வரும்போது ஊரே உறங்கிக்கொண்டிருக்க, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத நிலையில், வெளிச்சமும் கதகதப்புமாகத் திறந்திருக்கும் ஓர் இடத்துக்குத் தனியாகப் போய்ப் பழகுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. பணத்தாசையைவிடத் தனிமையே பலரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவையும், பொத்தானை அழுத்தியதுமே ஒரு கணினி நிரல் தற்செயல் எண்களைக் கொண்டு தீர்மானித்துவிடுகிறது; திரையில் சுழல்வது அந்த முடிவைக் காட்டும் படம் மட்டுமே. முந்தைய சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், ‘இவ்வளவு நேரம் கொடுக்கவில்லை, இனிக் கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற கணக்கு செல்லாது. ஒரு டாலர் கட்டி நாற்பது காசு திரும்பி வந்தாலும் இயந்திரம் விளக்கை எரியவிட்டு இசை முழங்கும். கையை விட்டுப் போனது அறுபது காசு. மனதில் பதிவதோ வெற்றி. இந்த மாநிலத்தில் கட்டும் பணத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை, நீண்டகாலச் சராசரியாக, இயந்திரம் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 90 விழுக்காடு திருப்பித் தரும் இயந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். நூறு டாலரை ஒருமுறை முழுதாக விளையாடினால் சராசரியாகத் தொண்ணூறு மிஞ்சும். அதையே மறுபடி விளையாடினால் எண்பத்தொன்று. இப்படிப் பத்துமுறை சுழற்றினால் ஏறத்தாழ முப்பத்தைந்துதான் மிஞ்சும். யாரும் ஒருமுறையோடு எழுந்திருப்பதில்லை என்பதால், திறமைக்கு இடமே இல்லாத இந்த இயந்திரத்தை அறவே தொடாமல் இருப்பதுதான் நல்லது என்பேன்.

கிரிக்கெட் பந்தயச் செயலிகளின் தன்மை வேறு. ஐபிஎல், ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் தொடர் ஆகியவற்றின் பருவங்களில், ஆட்டம் தெரிந்தவனுக்கு இது அறிவுக்கான போட்டி என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். ஆனால் வென்றால் எத்தனை மடங்கு தருவது என்று நிறுவனம் நிர்ணயிக்கும் விகிதத்திலேயே அதன் லாபம் அடங்கியிருப்பதால், ஆட்டம் தெரிந்தவரும் நாளடைவில் இழப்பதே வழக்கம். இங்கே உரிமம் பெற்ற நிறுவனங்களில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இணையம் வழியே பந்தயம் கட்ட முடியாது. 2024 ஜூன் முதல் கடன் அட்டையால் இணையப் பந்தயம் கட்டவும் தடை உள்ளது. வாட்ஸ்அப்பில் பகிரப்படும் ஏதோவொரு தளம் இந்த இரண்டையும் அனுமதித்தால், அது சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு செய்துவிடலாம். அங்கே வென்ற பணம் கைக்கு வராமல் போனால் முறையிட இடம் இருக்காது.

விளையாடித்தான் ஆக வேண்டும் என்றால் தொகையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கனடாவில் 2021இல் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல், வரிக்கு முந்தைய குடும்ப வருமானத்தில் மாதம் ஒரு விழுக்காட்டுக்கு மேல் கட்டக்கூடாது, மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் விளையாடக்கூடாது, இரண்டு வகைச் சூதாட்டத்துக்கு மேல் வழக்கமாக ஈடுபடக்கூடாது என்கிறது. மாதம் ஆறாயிரம் டாலர் வரும் வீட்டில் அது அறுபது டாலர். சினிமாச் சீட்டுக்குக் கொடுத்த பணம் போல, திரும்பி வராது என்று நினைத்தே அதைச் செலவிட வேண்டும். செயலியில் கணக்குத் தொடங்கும்போதே, அதில் எவ்வளவு பணம் போடலாம் என்ற வைப்பு வரம்பை நிர்ணயித்துவிடுங்கள். பிறகு அதைக் குறைப்பது உடனே நடக்கும், கூட்டுவதற்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மனம் சொல்லத் தொடங்கினால், வங்கிக் கணக்கு அறிக்கையை மனைவியிடமோ கணவரிடமோ மறைக்கத் தோன்றினால், நண்பரிடம் வேறு காரணம் சொல்லிக் கைமாற்று வாங்கினால், சீட்டுத் தவணை கட்ட வைத்திருந்த பணத்தில் கை வைத்தால், வரம்பு வைத்து விளையாடும் கட்டம் கடந்துவிட்டது. அப்போது கதவை அடைப்பதே வழி. 2023 ஆகஸ்டில் தொடங்கிய பெட்ஸ்டாப் என்ற தேசியப் பதிவேட்டில் இலவசமாகப் பெயரைப் பதிந்தால், உரிமம் பெற்ற எல்லா இணைய, தொலைபேசிப் பந்தய நிறுவனங்களும் உங்கள் கணக்கை மூடியாக வேண்டும், விளம்பரமும் அனுப்பக்கூடாது. குறைந்தது மூன்று மாதம், விரும்பினால் ஆயுள் முழுவதும் இந்தத் தடையைக் கேட்டுப் பெறலாம். இது போக்கி இயந்திரங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், கிளப்புகளில் நுழையாதபடி சுயவிலக்குக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பல வங்கிகள் தங்கள் செயலியிலேயே சூதாட்டப் பணப்பரிமாற்றத்தைத் தடுக்கும் வசதியும் தருகின்றன.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800 858 858 என்ற சூதாட்ட உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது; கட்டணமில்லை, பேசுவது ரகசியமாக இருக்கும். ஆங்கிலத்தில் மனதைத் திறக்கத் தயங்குபவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, அவர் வழியாக அந்த எண்ணுடன் இணைக்கச் சொல்லலாம். விளையாடுபவர் மட்டுமன்றி, அவருடைய கணவரோ மனைவியோ பெற்றோரோ கூட அழைக்கலாம். சம்பளம் எங்கே போகிறது என்று தெரியாமல் தவிக்கும் பெண்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். கடன் ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தால், வட்டிக்கு இன்னொரு கடன் வாங்கி அடைப்பதற்கு முன் 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி எண்ணை அழையுங்கள். வங்கியோடு எப்படிப் பேசுவது, தவணையை எப்படி மாற்றி அமைப்பது என்பதை அங்குள்ள நிதி ஆலோசகர்கள் இலவசமாகச் சொல்லித்தருவார்கள்.