மரம் அறுக்கும் மிஷினுக்கு என்ன ஊற்றுகிறோம்? எரிபொருளில் நடக்கும் தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதன்பிறகு பல வாரங்களுக்குப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் விழுந்த தென்னையைத் தவிர வேறு பேச்சே இல்லை. மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்தவர்தான் அன்றைக்கு ராஜா. நாங்களும் கடனை உடனை வாங்கி ஒன்று வாங்கினோம். தோப்பு ஒருவழியாகச் சுத்தமானதும் மிஷினைச் சாக்கில் சுற்றி மோட்டார் கொட்டகையில் வைத்தோம். 2020-இல் நிவர் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் எடுத்துக் கயிற்றை இழுத்தோம், இழுத்தோம், இழுத்துக்கொண்டே இருந்தோம். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை மெக்கானிக் பிரித்துக் காட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ படிந்திருந்தது. டயாஃப்ரம் என்கிற மெல்லிய ரப்பர்த் தகடு, தொட்டால் துணி மாதிரி வளைய வேண்டியது, காய்ந்த வெற்றிலை போல விறைத்துக் கிடந்தது. "அண்ணே, இது ஓடிக் கெடலை. சும்மா கிடந்து கெட்டிருக்கு" என்றார். டேங்கில் இரண்டு வருடப் பழைய மிக்ஸ், அதாவது பெட்ரோலும் ஆயிலும் கலந்தது, பாதிக்கு மேல் இருந்தது.

அவர் சொன்னது மரம் அறுக்கும் மிஷினுக்கு மட்டுமல்ல. புல்வெட்டும் பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களையெடுக்கும் பவர் வீடர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பைக் தினமும் ஓடுவதால் அதிலிருக்கும் பெட்ரோல் பழசாக நேரமே இல்லை. இவையோ வருடத்தில் பத்து நாள் உழைத்து மீதி நாள் தூங்குபவை.

மீதி மிக்ஸை டேங்கிலேயே விடுவது

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிவிடுவது. மூடி திறந்து மூடும்போதும், வெயிலில் கிடக்கும்போதும் முதலில் போவது அதுதான். மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து மெல்லப் பிசினாகிறது. கார்புரேட்டருக்குள் இருக்கும் துளைகள் ஊசி நுழையாத அளவு சின்னவை. அடைக்க அந்தப் பிசின் கொஞ்சம் போதும். நல்ல பெட்ரோலுக்கும் கெட்டதற்கும் மூக்கே சாட்சி: பழசில் வார்னிஷ் வாடை அடிக்கும்.

ஆயில் கலந்த மிக்ஸை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இரண்டு லிட்டர் வேலைக்கு ஐந்து லிட்டர் கலக்கவும் வேண்டாம். சீசன் முடிந்தால் டேங்கை முழுக்க வடித்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பித் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அப்புறம் எடுத்து வையுங்கள். டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் சேராது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்து பெட்ரோலுக்கு, இரும்பு டேங்குக்கு, அது சரி. இப்போதைய பெட்ரோலுக்குக் காலி டேங்க்தான் நல்லது என்பது என் கட்சி.

"ஒரு மூடி ஊத்து, போதும்"

மரம் அறுக்கும் மிஷினில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் ஆயிலுக்கென்று தனி இடம் கிடையாது. பிஸ்டன், பேரிங் எல்லாம் பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயிலை நம்பித்தான் ஓடுகின்றன. பழைய ஸ்கூட்டர், மொபெட் காலத்தில் பங்கிலேயே பெட்ரோலோடு 2டி ஊற்றித் தருவார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் கண் மதிப்பாக ஊற்றுகிறோம். ஆனால் அந்த வண்டிகளைவிட மரம் அறுக்கும் மிஷின் மிக அதிக வேகத்தில் சுற்றுகிறது. முழு ஆக்சிலேட்டரில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும். அந்த வேகத்தில் கண் மதிப்பு எடுபடாது.

கணக்கு சுலபம். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மிஷினுக்கு எது என்பது கூடவே வந்த புத்தகத்தில் இருக்கும், பல மிஷின்களில் டேங்க் மூடிப் பக்கத்திலேயே ஒட்டியிருப்பார்கள். பெரிய கம்பெனி மிஷின்கள் பெரும்பாலும் 50:1 கேட்கும். விலை குறைந்த மிஷின்களில் பல 25:1 கேட்கும். பக்கத்துத் தோப்புக்காரர் ஊற்றும் அளவு அவர் மிஷினுக்கானது. மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி 2டி டப்பாவோடு கட்டிப் போட்டுவிட்டால் அதன்பிறகு தகராறே இல்லை.

ஆயில் குறைந்தால் பிஸ்டன் ஜாம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கூட ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கூடினால் புகை, பிளக்கில் கரி, சைலன்சர் வாயிலுள்ள சின்ன வலையில் அடைப்பு. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது ஒன்று உண்டு: கார்புரேட்டர் துளை வழியாகப் போகும் திரவத்தின் அளவு மாறாது. அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். இன்ஜினுக்குப் பெட்ரோல் பற்றாமல் சூடுதான் ஏறும்.

கலக்கும் விதத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது. கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், அதில் ஆயில், மூடிக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி ஒரு குலுக்கல். மிஷின் டேங்கில் பெட்ரோலை ஊற்றிவிட்டு அதன் தலையில் ஆயிலை விடுவது கலக்கல் ஆகாது.

எந்த ஆயில்?

டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற ஜப்பானியத் தரக் குறியீடு போட்டிருக்கிறதா பாருங்கள். எஃப்டி இன்னும் சுத்தமாக எரியும். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பது படகு இன்ஜினுக்கானது. தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கென்று செய்தது. காற்றில் மட்டுமே குளிரும் இந்தச் சின்ன இன்ஜின்களின் சூட்டுக்கு அது தாங்காது. கடலோர ஊர்களில் இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அதனால் சொல்கிறேன். பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயிலும் பெட்ரோலோடு எரிவதற்கானது அல்ல. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைக் கலப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கூலிக்கு ஆள் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரஷ் கட்டரில் டூ ஸ்ட்ரோக்கும் உண்டு, ஃபோர் ஸ்ட்ரோக்கும் உண்டு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இன்ஜின் ஆயிலுக்குத் தனி மூடி இருக்கும், டேங்கில் வெறும் பெட்ரோல் போதும். அதில் தவறிப்போய் மிக்ஸ் ஊற்றினால் புகைவிடும், வடித்துவிடலாம். டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடங்களில் கதை முடியும். முதலில் இன்னும் துடிப்பாக ஓடுவது போலத் தெரியும், அதுதான் ஏமாற்று. எங்கள் வீட்டில் மிக்ஸ் கேனுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். புதிதாக வரும் ஆளுக்கு முதல் பாடம் அந்தத் துணிதான்.

இ20 வந்த பிறகு

2022-இல் நாடு முழுக்கப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற அளவை எட்டினோம். 2025-க்குள் அது 20 ஆகிவிட்டது, அதைத்தான் இ20 என்கிறார்கள். கார், பைக்குக்கு நடக்கும் சண்டையை நான் இங்கே இழுக்கவில்லை. சின்ன இன்ஜின்களின் கையேட்டில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை என்றுதான் எழுதியிருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புதுக் காரில் சென்சார் இதைக் கண்டுபிடித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். நம் மிஷினின் கார்புரேட்டருக்கு அந்த மூளை இல்லை. எத்தனால் கூடியது தெரியாமல் அதே அளவைத்தான் விடும். காற்று மிஞ்சும், இன்ஜின் வழக்கத்தைவிடக் கீச்சென்று கத்தும், ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் சட்டென்று இறங்காது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கார்புரேட்டரை டியூன் செய்ய வேண்டும். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே மேல். எரிபொருளுக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும் மிஷின்களும் வந்துவிட்டன, ஆனால் விலை அதிகம்.

இன்னொரு தொல்லை ஈரம். எத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் டெல்டா காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓர் அளவுவரை தண்ணீர் அதில் கலந்தே இருக்கும். அளவு தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு டேங்கின் அடியில் இறங்கிவிடும். 2டி ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலிலேயே தங்கிவிடும். மிஷினின் ஃபில்டரோ டேங்கின் அடியில் கிடக்கிறது. அது உறிஞ்சுவது ஆயில் இல்லாத எத்தனால் தண்ணீரை! பெரும்பாலும் மிஷின் கிளம்பாது. கிளம்பினால் இன்னும் மோசம்.

சந்தேகம் வந்தால் மிக்ஸைக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் வடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்து இரண்டு அடுக்காக நின்றால் அதை ஊற்றக் கூடாது.

இதிலிருந்து தப்பிக்கச் சிலர் வீட்டிலேயே பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எத்தனாலைக் கீழே இறக்கி, மேலே நிற்பதை எடுத்து ஓட்டுகிறார்கள். வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனால் சேர்ந்தால்தான் ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் எரியும் திறனின் அளவு) சரியாக வரும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். எத்தனால் போனால் ஆக்டேனும் இறங்கும், இன்ஜின் தட்டும். போதாததற்குக் கொஞ்சம் தண்ணீரும் கூடவே வரும்.

பிரீமியம் பெட்ரோல் போட்டால் தீருமா என்று கேட்பார்கள். ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. 95 என்று போர்டில் இருப்பதால் அதில் எத்தனால் இல்லை என்று ஆகாது. பங்கில் கேட்டு வாங்குங்கள். சாதாரண மிஷினுக்குக் கூடுதல் ஆக்டேனால் தனி லாபமும் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல எஃப்டி ஆயில் வாங்கி, வருடத்துக்கு ஒருமுறை பெட்ரோல் குழாயும் டயாஃப்ரமும் மாற்றிவிடலாம்.

மண்ணெண்ணெய், பாட்டில், சூடு

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பம்ப்செட் நினைவில், மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் கலப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இன்ஜின் அதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்தது. மரம் அறுக்கும் மிஷினில் ஊற்றினால் தட்டித் தட்டியே பிஸ்டனை ஓட்டையாக்கும்.

குளிர்பான பாட்டிலில் பெட்ரோல் வேண்டாம். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில், ஒரு பாத்திரத்துக்கு 25 லிட்டருக்கு மிகாமல். கண்ணாடி என்றால் ஒரு லிட்டர்தான். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், தோப்பில் தாகத்தோடு வருகிறவர் அந்த பாட்டிலைப் பார்த்தால் என்ன செய்வார்?

ஓடி நிறுத்திய மிஷினில் உடனே ஊற்ற வேண்டாம். சைலன்சர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஒரு டீ குடிக்கும் நேரம் ஆறவிட்டு, தரையில் வைத்து ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, பத்தடி தள்ளிப் போய்க் கிளப்புங்கள்.

"அப்போ இருக்கிற பழைய மிக்ஸை என்ன தம்பி பண்றது?" என்று போன வாரம் பக்கத்துத் தோப்பு மாமா கேட்டார். அவர் கேனில் ஒன்றரை லிட்டர் இருந்தது. கிணற்றோரம் கொட்டலாமா என்பது அவர் யோசனை. ஊர் குடிக்கும் தண்ணீர் அது. டவுனுக்குப் போகும்போது ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், துருப்பிடித்த நட்டு போல்ட்டை ஊறவைக்க அவர்களுக்கு ஆகும் என்றேன். கேனை வெயிலில் கவிழ்த்துக் காயவைத்திருக்கிறார். சிவப்புத் துணி ஒன்று வேண்டுமாம்.