புதிய வெள்ளை வைன்: புளிக்கிறது என்று தள்ளிவிடாதீர்கள்

கொழும்பில் ஒரு ஹோட்டலுக்கு வைன் தெரிவு செய்வது என் வேலை. இறக்குமதியாளர்கள் மாதிரிப் போத்தல்களோடு வரும்போது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்கச் சொல்வேன். நன்றாக மணக்கிற போத்தல்தான் அவர்களுக்கு உடனே பிடிக்கும். பல்லைக் கூசவைக்கிறதை ஒரு வாயோடு ஒதுக்கிவிட்டு, "இது சும்மா தேசிக்காய்த் தண்ணி அக்கா" என்பார்கள். ஐந்தாறு வருடம் வைத்திருக்க வாங்குவதென்றால் அந்தத் தேசிக்காய்த் தண்ணியைத்தான் இன்னொரு தரம் ருசிபார்க்க வேண்டும், வைனை நெடுநாள் தாங்குவது பெரும்பாலும் அந்தப் புளிப்புத்தான்.

முதலில் ஒன்று. விற்பனைக்கு வரும் வெள்ளை வைனில் பெரும்பகுதி வைத்திருப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. விலை குறைந்த பினோ கிரிஜியோ, சாதாரண சோவின்யோன் பிளாங் எல்லாம் ஓரிரு வருடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டியவை. நான் சொல்லப்போவது ரீஸ்லிங், ஷெனின் பிளாங், செமியோன், நல்ல ஷார்டனே போன்ற திராட்சை வகைகளில் செய்த வைனுக்கு.

காலை 10, 11 மணிக்கு ருசிபாருங்கள். சம்பல் சாப்பிட்ட வாயோடு வேண்டாம். தலையில் மல்லிகை, பக்கத்தில் சாம்பிராணி, இரண்டும் வேண்டாம். பிரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடமாவது வெளியே வையுங்கள். அதிகக் குளிரில் மணமும் தெரியாது, குறையும் தெரியாது. நம் ஊர்க் காற்றில் கிளாஸ் உடனே வியர்த்துவிடும். துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளுக்கு மேலே சரித்து நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளில் லேசான பச்சை ஓடினால் நல்லது. ஒரு வருட வைன் ஓக் பீப்பாயில் கிடக்காமலே பொன்னிறமாகிவிட்டால், எங்கேயோ வெயில் பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுவேன். சின்னச் சின்னக் குமிழிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். நொதித்தலில் மிஞ்சிய வாயு அது. ஆனால் அது புளிப்பைக் கூட்டிக் காட்டும். நன்றாகச் சுழற்றி அதை வெளியேற்றிய பிறகே வாயில் வையுங்கள்.

மணத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புதிய வைனில் வாழைப்பழ மணமும், பழ இனிப்பு மிட்டாய் மணமும் தூக்கலாக இருக்கும். குளிரில் நொதிக்கவைக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் அவை. ஒரு வருடம் போனால் பெரும்பாலும் மங்கிவிடும். அதனால் அதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. தீக்குச்சி கொளுத்திய வாசனை வந்தால் கந்தகம். சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். ஈர அட்டை வாசனை தக்கையின் பழுது, எத்தனை வருடம் வைத்தாலும் திருந்தாது. வெட்டிவைத்துப் பழுப்பேறிய அப்பிள் மாதிரி மணம் வந்தால் காற்று வேலையைக் காட்டிவிட்டது, மூடி வைத்துவிடுங்கள். ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசனை வயதோடு வருவது, சிலர் அதைத் தேடியே வாங்குவார்கள். போன வருட ரீஸ்லிங்கில் அது பலமாக வந்தால் எனக்கு நம்பிக்கை குறையும்.

அப்புறம் வாய். விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவவிட்டுத் துப்புங்கள். கன்னத்தின் உட்பக்கம் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் புளிப்பு போதுமான அளவு இருக்கிறது. கொஞ்சம் இனிப்புள்ள ரீஸ்லிங்கில் கவனம் வேண்டும்: தேசிக்காய்ச் சாற்றில் சீனி போட்ட மாதிரி, புளிப்பு குறைந்ததுபோலத் தோன்றும், ஆனால் அப்படியே இருக்கும். புளிப்பு மட்டும் இருந்தும் பயனில்லை. நடு நாக்கில் ஒரு கனம் வேண்டும், வெறும் தண்ணீராக ஓடக்கூடாது. துப்பிய பிறகு மனதுக்குள் எண்ணுங்கள். 5 எண்ணுவதற்குள் எல்லாம் மறைந்தால் இந்த மாதமே குடித்துவிடலாம். 10 தாண்டியும் நின்றால், நிற்பது என்ன என்று பாருங்கள். பழமும் உப்புச்சாயலும் நின்றால் நல்லது. மதுவின் எரிவோ பீப்பாயின் வெனிலாவோ மட்டும் நின்றால், பழம் போன பிறகு மிஞ்சப்போவதும் அதுதான்.

ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்குச் செமியோன் இதற்கு நல்ல பாடம். திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுவார்கள், மது 10, 11 சதவீதம்தான் வரும். புதிதில் வாயில் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். 10 வருடத்தில், பீப்பாயைத் தொடாமலே, வாட்டிய பாணும் தேனுமாக மணக்கும். இதற்கு நேர்மாறும் உண்டு: பிரான்ஸின் ரோன் பகுதியில் செய்யும் வெள்ளை எர்மிதாஜ் வைன் புளிப்புக் குறைந்தது, ஆனாலும் நெடுங்காலம் நிற்கும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வந்த, பிரான்ஸின் பர்கண்டிப் பகுதி வெள்ளை வைன்களில், புதிதில் எல்லோரும் புகழ்ந்தவை பல, சில வருடங்களிலேயே பழுப்பேறிப் போயின. ஆகவே இதெல்லாம் கணிப்புத்தான்.

கணிப்பை உறுதிப்படுத்த நான் எப்போதும் செய்வது இது: அரைப் போத்தலை மூடி பிரிட்ஜில் வைத்து மறுநாளும், அடுத்த நாளும் ருசிபார்ப்பேன். முதல் நாள் மணம் காட்டாமல் முறைத்துக்கொண்டிருந்தது மறுநாள் திறந்துகொண்டால் வாங்குவேன். மறுநாளே தளர்ந்து அப்பிள் வாசனை வந்தால், முதல் நாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்கும் கடையையும் பாருங்கள். வெயில் படுகிற கண்ணாடி அலுமாரியில் நின்ற போத்தலுக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை, வாங்காமலே விட்டுவிடுங்கள். தக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றால் தொடவே வேண்டாம். வீட்டிலும் 12, 14 பாகை குளிர் தரும் இடம் இல்லையென்றால் வருடக்கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளவத்தை மாடிவீட்டு அலுமாரி அதற்கு ஆகாது. 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் போனபோது வைன் பிரிட்ஜ் வைத்திருந்தவர்களும் தவித்தார்கள்.

ஒரு போத்தல் வாங்கி மூன்று நாள் சோதித்துவிட்டு, பிடித்தால் அதே இறக்குமதியில் வந்ததையே போய் வாங்குங்கள். அடுத்த கப்பலில் வருவது வேறு வருடத்து வைனாக இருக்கலாம். போயா (பௌர்ணமி) நாளில் மதுக்கடை பூட்டியிருக்கும், கலண்டரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.