மேடைப் பகிடி: குறு நகைச்சுவை நாடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் தினம், வாணி விழா, ஒளிவிழா என விழாக்கள் அடுத்தடுத்து வரும் ஆண்டின் இறுதி மாதங்களில், மாணவர்கள் ‘ஸ்கிற்’ என்று அழைக்கும் குறு நகைச்சுவை நாடகம் இல்லாத நிகழ்ச்சி நிரலை வன்னிப் பாடசாலைகளில் காண்பது அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் இந்நாடகங்களைப் பழக்கி வரும் எனக்கு, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளையே இன்றைய மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் திரும்பச் செய்வதைக் காணும்போது கவலை உண்டாகிறது. வசனத்தை மறப்பது, பார்வையாளருக்கு முதுகு காட்டுவது போன்றவற்றை ஒத்திகையே திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெயரைக் குழப்புதல்

ஓரங்க நாடகம், தனிநடிப்பு, ஸ்கிற் ஆகிய மூன்றும் நிகழ்ச்சி நிரல்களில் ஒரே பொருளில் எழுதப்படுகின்றன. ஸ்கிற் என்பது ஒரே சூழ்நிலையையும் சில பாத்திரங்களையும் மட்டும் கொண்டு, சிரிப்புக்கான ஒரு காரணத்தைப் பிடித்து வளர்த்து, சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஆற்றுகையாகும். ஓரங்க நாடகத்துக்குக் கதைப்பின்னல் உண்டு. அது சிரிக்க வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, துன்பியலாகவும் அமையலாம். தனிநடிப்பில் ஒருவரே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்கிறார். பேருந்து நடத்துநரை மையமாக வைத்து கே. எஸ். பாலச்சந்திரன் நடித்துப் புகழ்பெற்ற ‘அண்ணை றைற்’ அந்த வகையைச் சேர்ந்தது.

கூத்தில் வரும் பகிடி இவை எல்லாவற்றிலும் வேறானது. காத்தவராயன் கூத்தில் சின்னானின் பேச்சுக்கு ஊரே சிரிப்பதைக் கண்ட மாணவர்கள், அந்தக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்து மேடையேற்றிவிட்டு, ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள். காத்தான் கழுவேறும் இடத்தை நோக்கி நகரும் நெடுங்கதைக்குள் நிற்பதால்தான் சின்னானின் பகிடிக்கு அந்த வலு கிடைக்கிறது. ஸ்கிற்றுக்கு அப்படிச் சாய்ந்துகொள்ள வேறு கதை இல்லை. தன் சூழ்நிலையைத் தானே முதல் அரை நிமிடத்துக்குள் நிறுவியாக வேண்டும்.

நீளம்

பத்து நிமிடத்தைத் தாண்டினால் பாதியை வெட்டுங்கள்.

உடற்குறையைச் சிரிப்பாக்குதல்

இந்த ஒரு தவறை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, வன்னியில் ஒரு பாடசாலை விழாவில், கிழவர் வேடமிட்ட மாணவன் ஒருவன் கக்கத்தில் தடியை ஊன்றி நொண்டி நொண்டி வந்து, ஒவ்வோர் அடிக்கும் விழுவதுபோல் தடுமாறினான். கதைக்கு அந்த நொண்டல் தேவையே இல்லை. முன்னால் நிலத்தில் அமர்ந்திருந்த சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கதிரைகளில் இருந்த பெற்றோருள் ஜெய்ப்பூர் கால் எனப்படும் செயற்கைக் கால் பொருத்திய தந்தை ஒருவரும் இருந்தார். அவர் எதுவும் பேசாமல் எழுந்து, அடுத்த நிகழ்ச்சிக்காக நடன உடையில் காத்திருந்த தன் மகளைக் கையில் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். பொறுப்பாக இருந்தவர்களிடம் கேட்டபோது, “வெறும் பகிடிதானே, ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள்?” என்றார்கள். அந்தப் பிள்ளை அதன்பின் மேடைக்கு வரச் சம்மதிக்கவில்லை.

2009 வரை நீண்ட போரில் கையையும் காலையும் பார்வையையும் இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். இதை அறிந்திருந்தும் நொண்டலையும் திக்குவாயையும் எழுதுவதற்குக் காரணம், அவை உடனடியாகச் சிரிப்பைத் தரும் என்ற அவசரம்தான். தமிழில் சிரிப்புக்கு வழி அது ஒன்றே என்றும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. எள்ளலைக்கூட, பிறரை எள்ளி நகுவது, தான் எள்ளப்படும்போது தானே நகுவது என்று பேராசிரியர் என்னும் பெயருடைய பழைய உரையாசிரியர் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். ஆசிரியர் தினத்தில் மாணவர்கள் தம் ஆசிரியரின் பேச்சைப் பாவனை செய்யும்போது அந்த ஆசிரியரே முதலில் சிரிக்கிறார் என்றால், அவருக்கு அவ்வாறு சிரிக்கக்கூடிய நிலை இருக்கிறது என்பதே காரணம். காலை இழந்தவரிடம், தன் இழப்பைப் பார்த்துத் தானே சிரிக்கும்படி கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

மலையகத்திலிருந்து வந்தவர்களின் பேச்சைக் கேலி செய்வதும் இதே தவறுதான். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் அங்கிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் குடியேறி, காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதே வகுப்பறையில் இருக்கிறார்கள். வேலைக்காரப் பாத்திரம் வந்தவுடன் அந்தப் பேச்சை அதன் வாயில் வைக்கும் பிரதியை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இளையோர் எழுதிப் பழக வேண்டியது மடனை. சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது மடன் என்பது உரையாசிரியர்கள் தரும் பொருள். கிராம அலுவலர் ஒருவர், “இந்தப் படிவத்தைக் கீழே நிரப்ப வேண்டும்” என்கிறார். வந்தவர் உடனே நிலத்தில் அமர்ந்து எழுதத் தொடங்குகிறார். எழும்பச் சொன்னால், “நீங்கள்தானே கீழே என்றீர்கள்” என்று மறுக்கிறார். அடுத்து வந்தவர்களும் அதுதான் நடைமுறை போலும் என்று எண்ணி வரிசையாக அமர்கிறார்கள். இறுதியில், எந்த இடத்தில் நிரப்புவது என்று விரல் வைத்துக் காட்டுவதற்காக அலுவலரும் நிலத்தில் அமர வேண்டியதாகிறது. அந்த நேரம் பார்த்து மேலதிகாரி உள்ளே வருகிறார். ஒருவருடைய உடலையும் தொடாமல், அலுவலகங்களில் நாம் எல்லோரும் பட்ட பாட்டை இந்தச் சூழ்நிலை மேடைக்குக் கொண்டுவருகிறது. ஐந்து பேருக்கு நடிக்க இடம் இருக்கிறது, சிரிப்பும் படிப்படியாக ஏறுகிறது.

திரைப்பட நகைச்சுவையைப் படியெடுத்தல்

வடிவேலுவின் மதுரைத் தமிழை முள்ளியவளைப் பிள்ளை பேசும்போது, பார்வையாளர் வடிவேலுவை நினைத்துச் சிரிக்கிறார்களே தவிர மேடையில் நிற்பவனைப் பார்த்து அல்ல. நீர்ப்பம்பி வேலை செய்யாத வயல்வெளி, சந்தையில் விலை பேசும் ஆச்சி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் ஆகியவற்றிலிருந்து தாமே பிடித்த பேச்சை அவர்கள் கொண்டுவரட்டும்.

ஒலிவாங்கி

அதைச் சுற்றிக் கூடி நிற்காதீர்கள்.

அறிவுரையை ஒட்டுதல்

போருக்குப் பின்னர் கண்ணிவெடி அபாயம் பற்றியும், பின்னாளில் டெங்கு, போதைப்பொருள் பற்றியும் எங்கள் ஊர்களில் விழிப்புணர்வு வீதி நாடகங்கள் நடந்தன. ஒரு செய்தியைச் சேர்ப்பதே அவற்றின் நோக்கம் என்பதால், நடிகர்கள் இறுதியில் வரிசையாக நின்று அதை உரக்கச் சொல்வது பொருத்தமாக இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், படிவம் நிரப்பும் ஸ்கிற்றின் கடைசியிலும் “ஆகவே அன்பார்ந்த பெரியோர்களே” என்று தொடங்குகிறார்கள். கூடியிருந்த சிரிப்பு அந்த வாக்கியத்தோடு அடங்கிப்போகிறது. மேலதிகாரி உள்ளே வந்து, நிலத்தில் இருப்பவர்களைப் பார்த்துத் திகைத்து நிற்கும் கணத்திலேயே நாடகத்தை நிறுத்திவிட வேண்டும். மைதான மேடைகளில் பெரும்பாலும் திரை இருக்காது. ஆகையால் அந்தக் கணத்தில் ஐவரும் அசையாமல் நின்று, பின்பு எந்தப் பக்கத்தால் இறங்குவது என்பதையும் ஒத்திகையிலேயே தீர்மானித்துப் பழகிக்கொள்ளுங்கள்.