விக்டோரியா காலத்து 'நரம்புத் தளர்ச்சி' மருந்து விளம்பரத்தைப் படிக்கும் முறை

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பத்திரிகைகளில் நரம்புத் தளர்ச்சிக்கும் உடல் பலவீனத்துக்குமான மருந்து விளம்பரம் கண்ணில் பட்டால், அது தரும் வாக்குறுதியை விட்டுவிட்டு முதலில் விலையைப் பாருங்கள். பெரும்பாலும் 1 ஷில்லிங் 1½ பென்ஸ் என்றிருக்கும். அந்த ஒன்றரைப் பென்ஸ், 1783 முதல் இத்தகைய மருந்துகளுக்கு வழக்கில் இருந்த முத்திரை வரியாகும். பெட்டியில் ஒட்டிய வரிச்சீட்டை அரசின் நற்சான்றாகவே பலர் எண்ணினர். விற்பவர்களும் அந்த எண்ணத்தைக் கலைக்க அவசரப்படவில்லை. இவற்றுக்கு வழங்கிய 'பேட்டன்ட் மருந்து' (காப்புரிமை மருந்து) என்ற பெயரும் அப்படித்தான்: காப்புரிமை கோரினால் செய்முறையை வெளியிட நேரும் என்பதால், பெரும்பாலானவை காப்புரிமையே பெறாத இரகசியக் கலவைகள்.

அடுத்து நோய்க்குறிகளைப் பாருங்கள். களைப்பு, தூக்கமின்மை, மறதி, படபடப்பு என்று எவருக்கும் பொருந்துவனவாகவே அவை இருக்கும்.

உள்ளிருக்கும் சரக்கை அறிய, பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் வெளியிட்ட பகுப்பாய்வுகளைத் தேடிப் படியுங்கள். 'பெட்டி ஒன்று ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்' என்று முழங்கிய பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம் (உலர்த்திய கற்றாழைச் சாறு), இஞ்சி, சோப்பு (ஆம், சோப்புதான்) ஆகியவை. ஒரு பெட்டியிலிருந்த 56 மாத்திரைகளுக்கான சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு.

ஆயினும் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏமாற்று என்று ஒதுக்கிவிட வேண்டாம். டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரையில் இரும்புச் சல்பேட் இருந்ததால், இரத்தசோகையால் வெளிறிச் சோர்ந்த பெண்ணுக்கு அது ஓரளவு உதவியிருக்கக்கூடும். அதே மாத்திரை பக்கவாதத்தையும் போக்கும் என்ற வரியில்தான் புளுகு தொடங்குகிறது.