ஸ்கோலின் போட்ட மறுநாள் வரும் உடம்பு வலி: குறைக்க நான் செய்வது

"அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர், கழுத்தைத் திருப்பவே முடியல." சொன்னவருக்கு 22 வயது. முந்தின நாள் அவருக்கு நடந்தது மூக்கெலும்பைச் சரிசெய்யும் பத்து நிமிட வேலை. மூக்கு வலிக்கவில்லை, தோளும் விலாவும்தான் வலித்தன. காரணம், மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்த நான் போட்ட ஸ்கோலின் (சக்சினைல்கோலின்). தசைகளைத் தளர்த்துமுன் அது ஒருமுறை துடிக்க வைக்கும். மறுநாளே எழுந்து நடமாடும் இளவயதினரைத்தான் இந்த வலி அதிகம் படுத்தும். இரண்டு மூன்று நாள் இருக்கும்.

மயக்கவியலில் முதலாமாண்டு படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீனியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

1. ஸ்கோலின் தேவைதானா என்று முதலில் பாருங்கள். வயிறு காலியாக இருந்து, டியூப் போடுவதும் எளிது என்றால் நான் ரோக்குரோனியத்தோடு (துடிக்க வைக்காமல் தசையைத் தளர்த்தும் இன்னொரு மருந்து) நிறுத்திக்கொள்வேன். தீக்காயம், பக்கவாதம், தசைநோய், குடும்பத்தில் மயக்க மருந்தால் கடும் காய்ச்சல் கண்ட வரலாறு இருந்தால் ஸ்கோலினைத் தொடவே வேண்டாம். அங்கே பிரச்சினை வலி இல்லை, உயிர்.

2. போடத்தான் வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தது லிக்னோகைன் (மரத்துப்போக வைக்கும் மருந்து): கிலோவுக்கு 1.5 மி.கி., ரத்தக்குழாய் வழியாக, மயக்கம் கொடுக்கும்போதே. 60 கிலோ ஆளுக்கு 2 சதவீத மருந்தில் 4.5 மி.லி. அட்ரினலின் கலந்த குப்பி கைக்கு வந்துவிடாமல் லேபிளைப் படியுங்கள். இதயத்தின் மின்னோட்டத்தில் தடை (ஹார்ட் பிளாக்) இருப்பவருக்கு வேண்டாம்.

3. இன்னொரு வழி, ஸ்கோலினின் துடிப்பை அடக்க முன்கூட்டியே துளி ரோக்குரோனியம். நான் சறுக்கியது இங்கேதான். அளவு கிலோவுக்கு 0.03 மி.கி., அதாவது 60 கிலோவுக்கு 1.8 மி.கி. குப்பியில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. இருப்பதால் தேவை வெறும் 0.18 மி.லி. அதை நேரடியாக 2 மி.லி. சிரிஞ்சில் எடுத்தேன். ஊசியின் கழுத்தில் தங்கியிருந்த மருந்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, அதுவும் உள்ளே போய் அளவு கூடிவிட்டது. ஒரு நிமிடத்தில் அந்த அம்மாவின் இமைகள் சரிந்தன. "மூச்சு விட முடியல" என்று உதடு மட்டும் அசைந்தது. முழு நினைவோடு இருந்தார். உடனே மாஸ்க்கை வைத்து மயக்கம் கொடுத்துவிட்டோம், ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கண்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் இப்போது 1 மி.லி. மருந்தோடு 9 மி.லி. சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கிக்கொள்வேன். ஒரு மி.லி.க்கு 1 மி.கி.; 1.8 மி.லி. என்பது கோட்டில் தெளிவாகத் தெரியும். சிரிஞ்சில் பெயரும் அளவும் எழுதி ஒட்டுவேன். மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓட ஆரம்பித்த பிறகுதான் போடுவேன். "கண் கனமாக இருக்கும், பயப்படாதீங்க" என்று முன்பே சொல்லிவிடுவேன். மயஸ்தீனியா (தசைகள் சோர்ந்துபோகும் நோய்) உள்ளவருக்கும், ஏற்கெனவே மூச்சுத் திணறுபவருக்கும் இது கூடாது.

4. இரண்டு மூன்று நிமிடம் கழித்து மயக்க மருந்து, அப்புறம் ஸ்கோலின். ரோக்குரோனியம் முந்திக்கொண்டதால் ஸ்கோலினுக்கு வேலை கடினம், கிலோவுக்கு 1.5 மி.கி. கொடுங்கள். குறைத்துப் போட்டால் வலியும் குறையும் என்று நானும் நினைத்திருந்தேன். 1 மி.கி. அளவைவிட 1.5 மி.கி. அளவில் வலி குறைவு என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

5. சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் வலி மருந்தான டைக்ளோஃபெனாக். வீட்டுக்கு அனுப்பும்போது, தோளும் கழுத்தும் வலிக்கலாம், அது மருந்தால் வருவது என்று சொல்லிவிடுங்கள். சிறுநீர் கறுத்தால் உடனே வரச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: துடிப்பே வரவில்லை, மருந்து வேலை செய்யவில்லையோ என்று பதறி இன்னொரு டோஸ் ஏற்றியதாக ஒருவர் எழுதியிருந்தார். ரோக்குரோனியம் முன்பே போயிருந்தால் துடிப்பு தெரியாமலே போகலாம். அதை எதிர்பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து 60 வினாடி காத்திருங்கள். தாடை தளர்ந்திருக்கிறதா என்று கையால் பார்த்துவிட்டு, டியூப் போடத் தொண்டையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை எடுங்கள்.