வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் எடை குறைக்க முனைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையல் பிரித்த அன்றே காயம் ஆறிவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. வயிற்றைத் திறக்கும்போது தோல் மட்டும் அறுபடுவதில்லை. அதன் அடியிலுள்ள கொழுப்பும், வயிற்றுத் தசைகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் உறுதியான நார்ப்படலமும் சேர்ந்தே அறுபடுகின்றன. தோல் இரண்டு வாரங்களுக்குள் ஒட்டிக்கொள்கிறது என்றாலும், அந்தத் தோல்கூட 3 வாரங்களில் தன் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் திரும்பப் பெற்றிருக்கும்; 3 மாதங்கள் கடந்த பின்பும் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. குடலை உள்ளே தாங்கி நிற்கும் நார்ப்படலம் உறுதி பெறுவதற்கும் இப்படியே பல மாதங்கள் ஆகின்றன. நடுவயிற்றில் நீளமாகத் திறந்து செய்யப்படும் அறுவை சிகிச்சைக்குப் பின், பத்தில் ஒருவருக்கேனும் அந்தத் தழும்பின் வழியாகக் குடலிறக்கம், அதாவது உள்ளிருக்கும் குடல் வெளியே பிதுங்கும் நிலை, ஏற்படுகிறது. எனவே முதலில் வயிற்றுச் சுவர் ஆற வேண்டும், அடுத்து தசை வலிமை திரும்ப வேண்டும், எடைக் குறைப்பு அதற்குப் பின்னரே வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கொள்பவர்களே பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

சிறு துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் சிகிச்சை பெற்றவர்கள் இந்த விஷயத்தில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். வெளியே தெரிவது சிறு துளைகளின் தழும்புகள் மட்டுமே என்பதால், உள்ளே நடந்ததும் சிறியது என்று தோன்றிவிடுகிறது. பித்தப்பையை அகற்றினாலும் கருப்பையை அகற்றினாலும், துளை சிறியதாக இருந்ததற்காக உள்காயம் சிறியதாகிவிடாது. தொப்புளருகே இடப்படும் துளையின் வழியாகவும் குடலிறக்கம் வருவதுண்டு. திறந்த அறுவை சிகிச்சைக்குப் பின் பொதுவாக 6 வாரங்களுக்குப் பளு தூக்க வேண்டாம் என்பார்கள். லேப்ராஸ்கோபியில் இந்தக் காலம் குறையலாம். ஆனால் உங்கள் வயிற்றில் என்ன செய்யப்பட்டது, எந்த அடுக்கு எப்படித் தைக்கப்பட்டது என்பதை அறிந்தவர் உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர்தான். "எத்தனை கிலோ வரை, எத்தனை வாரங்களுக்கு?" என்று வீட்டுக்கு அனுப்பப்படும் அன்றே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் வாரக்கணக்கில் படுத்தே கிடப்பவர்களின் தொடைத் தசையும் பிட்டத் தசையும் வியக்கத்தக்க வேகத்தில் கரைகின்றன. வயதானவர்களுக்குப் பத்து நாள் படுக்கையே போதும், கால்களின் வலிமை கண்கூடாகக் குறைந்துவிடும். அசையாத காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். நடைதான் முதல் உடற்பயிற்சி. ஒரேயடியாக அரை மணி நேரம் நடப்பதைவிட, ஐந்து நிமிடங்களாகப் பலமுறை நடந்து, சில நாட்களுக்கு ஒருமுறை சற்றே கூட்டிக்கொண்டு போவது உடலுக்கு எளிது. நடந்த அன்று தெம்பாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் வலியோ களைப்போ கூடியிருக்கிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் தெரியும் சௌகரியத்தை நம்பி அளவைக் கூட்டக் கூடாது.

உடற்பயிற்சியைப் பற்றி யோசிக்கும் பலர், அன்றாடம் படுக்கையிலிருந்து எழும் முறையைக் கவனிப்பதில்லை. மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிர்ந்து எழுவது தழும்பின் மீது பெரும் அழுத்தம் தரும் செயல். முழங்கால்களை மடக்கி, உடலை ஒரே துண்டாகப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடி கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வரும்போது ஒரு தலையணையைத் தழும்பின் மீது வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கலும் இதே கணக்கில்தான் வருகிறது. வீரியமான வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலத்தை இறுக்குகின்றன. மூச்சை அடக்கி முக்கும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம், பளு தூக்கும்போது ஏறும் அழுத்தத்துக்குச் சளைத்ததல்ல. கனமான எதையும் தூக்காமல் இருந்துவிட்டு, கழிவறையில் முக்குவதால் பயனில்லை. தண்ணீரும் நார்ச்சத்தும் போதாதபோது, மலமிளக்கி வேண்டும் என்று தயங்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

உணவில் நடக்கும் தவறுகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. சிகிச்சை முடிந்த சில நாட்களில் எடை கூடியிருப்பதைக் கண்டு பதறிப் பட்டினி தொடங்குபவர்கள் இருக்கிறார்கள்; அந்தக் கூடுதல் எடையில் பெரும்பகுதி நரம்பு வழியாக ஏற்றிய திரவமும் வீக்கமும்தான், அது தானாகவே வடியும். வேறு சிலர், பசியின்மையால் எடை மளமளவென்று இறங்குவதைக் கண்டு மகிழ்கிறார்கள். எடைக் கருவி குறைந்தது கொழுப்பா தசையா என்று சொல்லாது. காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும்; உணவில் கிடைக்காதபோது உடல் தன் தசையை உடைத்து அதை எடுத்துக்கொள்கிறது. எடை இறங்கியும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், போனது பெரும்பாலும் தசைதான். இந்தக் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது என்பதைப் பார்த்தால், கஞ்சியும் பழச்சாறும் மட்டும் குடித்து இந்த அளவை எட்ட முடியாது என்பது விளங்கும். முட்டை, மீன், பால், பருப்பு வகைகள் என ஒவ்வொரு வேளையிலும் ஏதேனும் ஒன்று இடம்பெற வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

எடையைக் குறைக்கும் உணவுமுறையை, பசி இயல்புக்கு வந்து, காயம் ஆறி, நடை சுலபமான பிறகு தொடங்கலாம். அப்போதும் வாரத்துக்கு அரை கிலோ குறைவதே போதுமானது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவைக் குறைத்துவிட்டு மருந்தின் அளவை அப்படியே வைத்திருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். சிசேரியனுக்குப் பின் தாய்ப்பால் கொடுப்பவருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் உணவு தேவை. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே வயிறு உள்ளே போகவில்லை என்று யார் சொன்னாலும் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

தொப்பை கரைவதற்காக வயிற்றை மடக்கி எழும் பயிற்சியையும், முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகை போல நேராக நிறுத்தும் பிளாங்க் பயிற்சியையும் அவசரமாகத் தொடங்குவது மற்றொரு பெரிய தவறு. ஓரிடத்துத் தசையை இயக்குவதால் அவ்விடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. ஆறாத தழும்புக்கு அது கூடுதல் சுமையாகத்தான் முடியும். மூச்சை மெதுவாக வெளிவிட்டுக்கொண்டே அடிவயிற்றை மென்மையாக உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சியிலிருந்து தொடங்கி, பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் படிப்படியாக முன்னேற வேண்டும். எந்தப் பயிற்சியின்போதும் நடுவயிறு கூரை முகடு போல மேலெழுந்தால், அந்தப் பயிற்சிக்கு வயிற்றுச் சுவர் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். வயிற்றுப் பெல்ட் நடக்கும்போது வலியைக் குறைத்துத் தைரியம் தரும்; கொழுப்பைக் கரைக்காது, குடலிறக்கத்தைத் தடுக்கும் என்று நம்பிப் பளு தூக்கவும் கூடாது. நீச்சலுக்குக் காயம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். புகைப்பவர்கள் எந்தப் பயிற்சிக்கும் முன்னர் அதை நிறுத்துவதே காயத்துக்குச் செய்யும் பேருதவி.

சில அறிகுறிகளைப் "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடக் கூடாது. காய்ச்சல், தழும்பைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ் ஆகியவை கிருமித் தொற்றைக் காட்டுகின்றன. முதல் இரண்டு வாரங்களில் காயத்திலிருந்து இளஞ்சிவப்பு நீர் திடீரென்று கொட்டினால், உள்தையல் விட்டிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலும் அதே அவசரம்தான். இருமும்போது தழும்பருகே புடைத்து, படுத்தால் மறையும் வீக்கத்தை அந்த வாரத்துக்குள்ளேயே அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். அந்த வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால், இரவு பகல் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.