காங்கோவின் பித்தளைச் சுரூபத்தைப் பார்ப்பது எப்படி

எங்கள் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். பெரிய பிள்ளைகளுக்குத் திருச்சபை வரலாறு வரும்போது நான் தவறாமல் காட்டுவது பழைய காங்கோ அரசில் வார்த்த பித்தளைப் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவத்தை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இப்படிச் சில இருக்கின்றன. ஒன்றைத் தேடியெடுத்துப் படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் முகம். இந்த இயேசு காங்கோ மனிதர். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சிலுவைகளைப் பார்த்துத்தான் உள்ளூர்க் கன்னார்கள் வார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் முகத்தைத் தங்கள் ஊர் முகமாகவே செய்தார்கள். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் விளிம்புகளுக்கு வாருங்கள். பல சுரூபங்களில் குறுக்குக் கட்டையின் மேலேயும் உச்சியிலும் அடியிலும் கைகூப்பியபடி சின்ன உருவங்கள் இருக்கும். ஐரோப்பிய ஓவியங்களில் மாதாவும் அருளப்பரும் சிலுவையடியில் நிற்பார்கள். இங்கே கும்பிடுகிறவர்கள் சிலுவைமேலேயே ஏறி அமர்ந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், நான் அதிக நேரம் நிற்பது இங்கேதான்.

அடுத்து, இயேசுவை விட்டுவிட்டுச் சிலுவை வடிவத்தை மட்டும் பாருங்கள். காங்கோ மக்களின் உலகப் பார்வையில் உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் கலுங்கா என்ற நீர்ப்பரப்பு பிரிக்கிறது. அதைக் குறுக்குக் கோடாகவும், இரண்டு உலகங்களையும் இணைக்கும் வழியை நெடுங்கோடாகவும் வரைவார்கள். செத்து உயிர்த்தவரை அந்த வடிவத்தில் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகப் பட்டிருக்காது. ஊர்த் தலைவர்கள் இந்தச் சுரூபத்தை அதிகாரச் சின்னமாக வைத்திருந்தார்கள், வழக்குத் தீர்க்கும்போது எடுத்தார்கள், நோய் தீரவும் நாடினார்கள்.

இங்கே ஒரு பிள்ளையாவது, “இதில் எது கத்தோலிக்கம், எது பழைய மதம்?” என்று கேட்கும். கரும்பலகையில் இரண்டு பத்தி பிரித்து எழுதிவிடாதீர்கள். வைத்திருந்தவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றுதான் சொன்னார்கள். ஞானஸ்நானத்தில் நாக்கில் வைக்கும் உப்பு சூனியத்தை அண்டவிடாது என்று நம்பி அதற்காகவே வந்தவர்களும் உண்டு. அவர்கள் விசுவாசத்தைப் போலி என்று தள்ள எனக்கு மனம் வராது.

ஆண்டுகளையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் இதைக் காலனி ஆட்சியின் கதை என்று எடுத்துக்கொள்வார்கள். 1491-இல் மன்னர் ந்சிங்கா அ ந்குவு ஞானஸ்நானம் பெற்றார். அப்போது காங்கோ தனி அரசு. தலைநகர் ம்பன்சா காங்கோ இன்று வட அங்கோலாவில் இருக்கிறது. அவர் மகன் முதலாம் அஃபோன்சோ சந்தியாகப்பரின் துணையால் போரில் வென்றதாகச் சொன்னார், அந்தப் புனிதரின் திருநாளான ஜூலை 25 அரசின் பெருவிழாவாயிற்று. அஃபோன்சோவின் மகன் என்ரிக்கே 1518-இல் ஆயரானார். அதே அஃபோன்சோ 1526-இல் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், வியாபாரிகள் தன் குடிமக்களை, பிரபுக்களின் பிள்ளைகளைக்கூட, பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று முறையிட்டார். இந்தக் கடிதத்தைச் சொல்லாமல் ஞானஸ்நானத்தை மட்டும் சொல்லி முடிப்பது நியாயமில்லை.

கடைசியாக கிம்பா வித்தா. சொல்லாமல் விடக்கூடாத பெண். தன்னுள் புனித அந்தோனியார் இறங்கியிருக்கிறார் என்றார், இயேசு பிறந்தது ம்பன்சா காங்கோவில் என்றார், போரில் பாழடைந்து கிடந்த அந்தத் தலைநகருக்கு மக்களைத் திரும்ப அழைத்துப் போனார். சிலுவையை வணங்க வேண்டாம், அது இயேசுவைக் கொன்ற கருவி என்பதும் அவர் போதனைதான். திருச்சபைக்கு மாறான போதனை என்று குற்றம் சாட்டி 1706-இல் அவரை உயிரோடு எரித்தார்கள், வயது இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான். உடனிருந்த கப்புச்சின் சபைக் கத்தோலிக்கத் துறவிகள் எழுதிவைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. குற்றம் சாட்டியவர்களின் எழுத்து என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

காங்கோவில் செய்த சின்ன அந்தோனியார் சுரூபங்களின் படங்களும் அதே அருங்காட்சியகத்தில் கிடைக்கும். ஒரே வகுப்பில் திணிக்காமல் அவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.